பாண்டா குல்லா: உச்சி நெளியாமல், முகம் அகலாமல்

கேள்வி: டொரண்டோவில் இருக்கும் என் 4 வயதுப் பேரனுக்குப் பாண்டா முகம் வைத்த குல்லாவும், அதோடு சேர ஒரு நெக் வார்மரும் (கழுத்தைச் சுற்றி மூடும் வளையம்) குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னல்) பின்னுகிறேன். 12 கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு 12 கூட்டச் சொல்லியிருந்தது. அப்படியே செய்தும் உச்சி அலை அலையாக நெளிகிறது. கண்களைத் தைத்த பிறகு மாட்டிப் பார்த்தால் முகம் அகன்றுவிடுகிறது. எங்கே தப்பு?

பதில்: 12 என்ற கணக்கு அமெரிக்க முறையின் 'டபுள்' கண்ணிக்கு உரியது. பிரிட்டிஷ் முறையில் பழகியவர்கள் 'டபுள்' என்று போடுவது அமெரிக்கர்களின் 'சிங்கிள்'. நீங்கள் போட்டதும் அதுவாகத்தான் இருக்கும். அது உயரத்தில் பாதிகூட இருக்காது. சுற்றுக்கு 6 கூட்டினாலே வட்டம் தட்டையாகிவிடும். அதில் 12 கூட்டினால், இடம் போதாத கண்ணிகள் மேலும் கீழுமாக மடங்கி நெளிகின்றன. உங்கள் கையில் குறையில்லை, கணக்குதான் வேறு கண்ணிக்கு உரியது.

குல்லாவுக்கு ஹாஃப் டபுள் கண்ணியையே பரிந்துரைக்கிறோம் (இனி வரும் பெயர்கள் எல்லாம் அமெரிக்க முறை). ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, கண்ணிக்குள் விட்டு இழுத்து, ஊசியில் இருக்கும் மூன்று வளையங்களையும் ஒரே இழுப்பில் கழற்றுவது. டபுள் கண்ணியின் சந்துகளில் காற்று புகும். சிங்கிள் விறைப்பாக நிற்கும். ஹாஃப் டபுளில் இரண்டு தொல்லையும் குறைவு.

முதலில் அளவு. மகளிடம் சொல்லி, புருவத்துக்கு மேலும் பின்மண்டையின் புடைத்த இடத்திலும் படும்படி டேப்பைச் சுற்றி அளக்கச் சொல்லுங்கள். 4 வயதில் பெரும்பாலும் 50 செ.மீ. ஒட்டி வரும். குல்லாவின் சுற்றளவு அதைவிட 3 முதல் 4 செ.மீ. குறைவாக இருந்தால்தான் கண்ணில் இறங்காமல் நிற்கும்.

நூல், நடுத்தரத் தடிமனுள்ள அக்ரிலிக் உல்லன்: வெள்ளை 100 கிராம், கறுப்பு 100 கிராம். பருத்தி நூல் வேண்டாம். ஈரம் பட்டால் குளிரும், இழுத்தால் திரும்பச் சுருங்காது. ஊசி 5 மி.மீ.; மேசை விரிப்புக்கு எடுக்கும் மெல்லிய ஸ்டீல் ஊசி இதற்கு ஆகாது.

வெள்ளை நூலில் மேஜிக் ரிங் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) போட்டு அதற்குள் 8 ஹாஃப் டபுள். சுற்றுக்கு 8 கூட்டிக்கொண்டே போங்கள்: 16, 24, 32, 40, 48, 56, 64. கூட்டும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் உச்சி எட்டு மூலையாகிவிடும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று அதை மூன்று நான்கு கண்ணி தள்ளிப் போடுங்கள். எட்டாம் சுற்று முடிந்ததும் ஸ்கேலை வையுங்கள். குறுக்களவு 14.5 செ.மீ. இருக்க வேண்டும். ஒரு செ.மீ. கூடினால் 4.5 மி.மீ. ஊசி, குறைந்தால் 5.5. இங்கேயே பிரித்துவிடுவது நல்லது. பத்துச் சுற்று தாண்டி, "கழுவினால் சரியாகிவிடும்" என்று நம்புவதில்தான் நூலும் நேரமும் வீணாகின்றன.

பிறகு கூட்டாமல் 64 கண்ணியிலேயே 10 சுற்று. கடைசியில் 4.5 மி.மீ. ஊசியால் 3 சுற்று சிங்கிள். உச்சி நடுவிலிருந்து விளிம்புவரை சுமார் 18 செ.மீ. வரும், காதை மூடும். இந்தப் பகுதியில் கண்ணி எண்ணிக்கை தானாக 65, 66 என்று ஏறினால் காரணம் பெரும்பாலும் சுற்று சேரும் இடம். சுற்றின் தொடக்கத்தில் போடும் செயினை (சங்கிலிக் கண்ணி) ஒரு கண்ணியாக எண்ணாதீர்கள். முதல் ஹாஃப் டபுளை அந்தச் செயினின் அடியிலேயே போட்டு, சுற்று முடியும்போது ஸ்லிப்பை (இணைக்கும் கண்ணி) அந்த ஹாஃப் டபுளின் தலையில் குத்துங்கள். செயினில் குத்தினால் அங்கே ஒரு பொய்க் கண்ணி முளைக்கும், அடுத்த சுற்றில் அதிலும் பின்னிவிடுவீர்கள். முதல் கண்ணியில் ஒரு சேஃப்டி பின் மாட்டிவைத்தால் போதும்.

முகத்துக்கான துண்டுகளைத் தனியாகப் பின்னித் தைக்க வேண்டும். வெள்ளைக்குப் பின்னால் கறுப்பு நூலை இழுத்துக்கொண்டு போனால் நிழல் மாதிரி வெளியே தெரியும்.

காதுகள் 4 மி.மீ. ஊசியில், கறுப்பில், சிங்கிள்: 6, 12, 18, பிறகு 18-லேயே 3 சுற்று. பஞ்சு அடைக்காமல் தட்டையாக மடக்கித் தையுங்கள். இரட்டை அடுக்கே காதை நிமிர்த்தி வைக்கும். ஒற்றை அடுக்கில் பின்னிய காது முதல் சலவையிலேயே சாய்ந்துவிடும்.

கண்ணைச் சுற்றிய கறுப்புத் திட்டுக்கு 5 செயின். ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி 3 சிங்கிள், கடைசிச் செயினில் 3, மறுபக்கம் 2, முதல் செயினில் மறுபடி 2, மொத்தம் 10. அடுத்த சுற்றில் இரு முனைகளிலும் மட்டும் கூட்டி 16 ஆக்குங்கள். திட்டுகளை வெளிப்பக்கம் சரிந்தாற்போல் வைத்தால்தான் பாண்டா. நேராக நிறுத்தினால் வேறு ஏதோ விலங்காகத் தெரியும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. குல்லாவை மேசையில் தட்டையாகப் போட்டுத் தைத்ததால்தான் முகம் அகல்கிறது. 46 செ.மீ. குல்லா 50 செ.மீ. தலையில் ஏறும்போது பக்கவாட்டில் விரிகிறது, கண்கள் விலகுகின்றன. ஒரு பலூனை 50 செ.மீ. சுற்றளவுக்கு ஊதி, அதன்மேல் குல்லாவை மாட்டி, துண்டுகளை வண்ண நூலால் தற்காலிகமாக ஓட்டிப் பாருங்கள். ஊசி படாமல் கவனம். திட்டின் கீழ்முனை விளிம்பிலிருந்து 4 சுற்று மேலே இருக்கட்டும். காதின் அடி, உச்சியிலிருந்து 5-ஆம் சுற்றுக்கும் 9-ஆம் சுற்றுக்கும் இடையே. இடம் பிடித்துவிட்டால் கழற்றி, உள்ளே ஒரு சொம்பைக் கவிழ்த்து வைத்து, நூலை இறுக்காமல் தையுங்கள். இறுக்கித் தைத்த இடம் தலையில் விரியாமல் சுருக்கம் விழும். மூக்கை சாட்டின் தையலிலும் கண்மணியை வெள்ளை நூலில் 'ஃப்ரெஞ்ச் நாட்' என்ற முடிச்சுத் தையலிலும் போடுங்கள். பொத்தான், பிளாஸ்டிக் கண் வேண்டாம். வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால் அது நேரே வாய்க்குப் போகும்.

தொங்கும் பின்னல் கயிறு, பாம்பாம் (நூல் பந்து) எதுவும் சேர்க்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறோம். சறுக்குமரத்தில் கழுத்துக் கயிறு சிக்கினால் உயிராபத்து. ஐரோப்பியத் தரவிதி இஎன் 14682, 7 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் உடைகளில் கழுத்திலும் தலையை மூடும் பகுதியிலும் (ஹூட்) இழுகயிற்றை அனுமதிப்பதில்லை. மஃப்ளரை விட்டு நெக் வார்மரை நீங்கள் தேர்ந்தது சரியான முடிவு.

அதைக் கறுப்பில் பின்னுங்கள். பாண்டாவின் தோளும் முன்னங்கால்களும் கறுப்பு என்பதால் பொருந்தும், எச்சில் கறையும் தெரியாது. கழுத்தை அளந்து பின்னினால் தலை வழியாக ஏறாது, தலையளவுதான் கணக்கு. 5 மி.மீ. ஊசியில் 24 செயின், மூன்றாவது செயினிலிருந்து 22 ஹாஃப் டபுள். ஒவ்வொரு வரிசையும் 1 செயின் போட்டுத் திருப்பி, கண்ணியின் பின்பக்க நூலில் மட்டும் குத்திப் பின்னுங்கள். சுமார் 44 வரிசையில் 44 செ.மீ. வரும், ரிப் மாதிரி விரிந்து கொடுத்துத் தலையில் ஏறி, கழுத்தில் அமரும். இரு ஓரங்களையும் ஸ்லிப்பால் இணையுங்கள். கறுப்பில் கண்ணி தெரியாது; பகல் வெளிச்சத்தில், மடியில் வெள்ளைத் துணி விரித்துப் பின்னினால் கண் வலிக்காது.

டொரண்டோக் குளிருக்கு வெறும் குரோஷா போதாது. காதுப் பகுதியில் உட்புறமாக 8 செ.மீ. அகல ஃப்ளீஸ் துணிப் பட்டை கொடுங்கள். துணி அதிகம் இழுபடும் திசை தலையைச் சுற்றி வர வேண்டும். அப்படிக் கொடுப்பதானால் 64-க்கு அடுத்த சுற்றில் 4 மட்டும் கூட்டி, 68 கண்ணியில் தொடருங்கள்.

அனுப்பும்போது மகளிடம் சொல்லிவிடுங்கள்: குளிர்ந்த நீரில் அலசி, தட்டையாகக் காயவைக்க வேண்டும். இஸ்திரியோ சூடான டிரையரோ கூடாது. சூடு பட்ட அக்ரிலிக் துவண்டுபோய், இழுத்தால் திரும்பாது.