அரிசியில் காட்மியம்: களைந்து வடித்தால் போகுமா?

சோதனை அறிக்கையில் உங்கள் வீட்டு அரிசிக்குக் காட்மியம் என்ற நச்சு உலோகம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது, நாலைந்து தடவை களைந்து நிறையத் தண்ணீரில் வடித்தால் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிதாகப் போகாது. ஆர்செனிக் என்ற இன்னொரு நச்சு என்றால் சரி, அதில் கனிம வகை தவிட்டில்தான் அதிகம் சேரும், தீட்டினால் குறையும், வடிகஞ்சியோடும் ஒரு பங்கு போகும். காட்மியத்தின் குணம் வேறு. புரதத்தில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக முனையை அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அரிசியின் முக்கியச் சேமிப்புப் புரதமான குளூட்டலினோ வெறும் தண்ணீரில் கரையவே கரையாது, ஆய்வகத்தில் பிரித்தெடுக்கக்கூடக் காரமோ அமிலமோ வேண்டும், அப்புறம் உலைநீருக்கு மட்டும் எப்படி வரும்? காட்மியம் அரிசிமணியின் உள்வரை பரவியிருப்பதால் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும்.

தீட்டிய அரிசிக்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு 0.4, ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.15. ஆக, பதற வேண்டாம், ஆனால் தினமும் மூன்று வேளையும் இதே அரிசி என்றால் நான் மாற்றிவிடுவேன், குறிப்பாகக் குழந்தைக்கு.

சொந்த வயல் நெல் என்கிறீர்களே, சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான். கதிர் வரும் சமயத்தில் வயலைக் காயவிடாதீர்கள். நீர் தேங்கினால் மண்ணில் காட்மியம் கரையாத சல்பைடாகி வேருக்கு எட்டாது, ஜப்பானிலும் இப்படித்தான் செய்கிறார்கள். இதில் ஒரு வம்பு, நீர் தேங்கினால் நெல்லில் ஆர்செனிக் ஏறும். அடுத்த அறுவடையில் இரண்டையும் சேர்த்தே சோதிக்கக் கொடுங்கள்.