மட்டக்களப்புக்கு இடமாற்றம்: குடும்பத்தோடு வரலாமா, வீட்டை எங்கே எடுப்பது?

கேள்வி: என் கணவர் அரச வங்கியில் வேலை செய்கிறார். மட்டக்களப்புப் பட்டினக் கிளைக்கு மூன்று வருட இடமாற்றம் வந்திருக்கிறது. நாங்கள் வத்தளையில் இருக்கிறோம். மூத்தவன் நான்காம் வகுப்பு, சின்னவள் அடுத்த முறை முதலாம் வகுப்பு. அவர் மட்டும் போய் வார இறுதியில் வந்து போவதா, எல்லோருமாகப் போவதா? சின்ன ஊர், வெளியாட்களைச் சேர்க்கமாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். என் மாமியோ, போனால் பாயோடு ஒட்ட வைத்து, திரும்பி வரவிடாமல் செய்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார். வீடு எந்தப் பக்கம் எடுப்பது? கொழும்பை விடக் காணி மலிவு என்கிறார்கள், ஒரு துண்டு வாங்கிப் போடலாமா? (வாசகி, வத்தளை)

மாமியின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பாயில் நாற்பது வருடத்துக்கு மேலாக ஒட்டிக் கிடப்பவன் நான். சொந்த ஊர் பருத்தித்துறை. 1981இல் காணி உத்தியோகத்தராக, இரண்டே வருடம் என்று சொல்லிக்கொண்டு ஒரு சூட்கேஸோடு மட்டக்களப்பு ஸ்டேஷனில் இறங்கினேன். களுவாஞ்சிகுடியில் கலியாணம் முடித்து, பென்ஷனும் எடுத்தாயிற்று. சூட்கேஸ் மட்டும் இன்னும் பரணில் கிடக்கிறது.

வசியம், மந்திரம், மருந்து என்று வடக்கில் இதற்கு ஆயிரம் கதை சொல்வார்கள். காணிக் கோப்புகளுக்குள் வேலை செய்த எனக்குத் தெரிந்தது வேறு. இங்கே வீடு பெண்ணுக்குப் போகிறது. ஒரு தகப்பன் உழைப்பதில் பெரும்பங்கு மகளுக்கு வீடு கட்டுவதற்கே போகும். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். பெண்ணின் தாய் தகப்பன் அதே வளவுக்குள் பின்பக்கம் இன்னொரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு நகர்வார்கள். வெளியூரிலிருந்து தனி ஆளாக வந்த ஒரு கிளார்க்குக்குக் கட்டி முடித்த வீடு, தண்ணீர் நிறைந்த கிணறு, பக்கத்திலேயே மாமியின் சமையல் எல்லாம் கிடைத்தால் அவன் எதற்குத் திரும்பிப் போகிறான்? அதுதான் பாய். உங்கள் கணவர் ஏற்கெனவே கலியாணம் முடித்தவர். அந்தப் பசை அவரிடம் பிடிக்காது என்று மாமியிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் இந்த வழக்கம், வெளியாட்களைச் சேர்க்கமாட்டார்களோ என்ற உங்கள் சந்தேகத்துக்கும் பதில் சொல்கிறது, மகள். எந்த ஒழுங்கைக்குள் போனாலும், அங்கே இருக்கும் கலியாணம் முடித்த ஆண்களில் நிறையப் பேர் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள்தான். ஒருவர் மண்டூர், ஒருவர் செட்டிபாளையம், ஒருவர் அம்பாறைப் பக்கம் தம்பிலுவில். 1961 வரை அம்பாறையும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தானே இருந்தது. சொந்தபந்தம் கச்சேரி (மாவட்டச் செயலக) எல்லையைப் பார்ப்பதில்லை. அதனால் வந்து குடியேறிய ஆண் இங்கே யாருக்கும் புதினமில்லை. அவர் எந்த வீட்டுக்குள் வந்தார் என்பதைத்தான் கேட்பார்கள். "தம்பி எங்க முடிச்ச?" என்ற கேள்வி உங்கள் கணவருக்கு முதல் வாரத்திலேயே வரும். துருவுகிறார்கள் என்று எடுக்க வேண்டாம். ஆளை எந்தக் கொடியில் படரவிடுவது என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். வத்தளை என்று சொன்னால் ஒரு கணம் யோசிப்பார்கள், பிறகு உங்கள் அம்மாவின் ஊரைக் கேட்பார்கள்.

கோயில் பக்கம் போனால் குடி பற்றியும் கேட்கலாம். தாய்வழியாக வரும் குலம்தான் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் செய்யமாட்டார்கள், பல கோயில்களில் முறையும் மரியாதையும் குடிப்படிதான் போகும். எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை என்று சாதாரணமாகச் சொல்லுங்கள், பேச்சு அத்தோடு முடியும். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். சோறு கொடுப்பார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்கள். ஆனால் கோயில் நிர்வாகத்திலோ ஊர்க் கூட்டத்திலோ வந்தவர் வாய் திறந்தால் முகம் மாறும். எனக்கு இருபது வருடம் எடுத்தது. மூன்று வருடத்தில் அது உங்களுக்குத் தேவைப்படாது.

சரி, ஊர்க்காரர் இடமாற்றத்தில் வருபவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? வெள்ளிக்கிழமை பின்னேரம் பையைத் தூக்குகிறவர்கள் என்று. திங்கட்கிழமை தூக்கக் கலக்கத்தோடு கதிரையில் வந்து உட்காருவார்கள், ஒரு செத்த வீட்டுக்கும் வரமாட்டார்கள், மூன்று வருடத்தில் கோட்டை மதிலையும் பாசிக்குடாவையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். குறை நியாயமானதுதான். உங்கள் கணவர் தனியே வந்தால் அவரும் அப்படித்தான் ஆவார், வேறு வழியில்லை. கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். ரயிலில் எட்டு, ஒன்பது மணித்தியாலம். இரவு ரயிலில் போய் இரவு ரயிலில் வருவதென்றால் பிள்ளைகளோடு அவருக்கு மிஞ்சுவது ஒன்றரை நாள், அதிலும் பாதி நித்திரை. முதல் இரண்டு மாதம் அவர் வந்து அறை எடுத்து இருக்கட்டும், வீடு பார்க்கட்டும். பிறகு நீங்கள் எல்லோரும் வாருங்கள். மூன்று வருடம் இரண்டு வீட்டு வாடகை கட்டுவதும் வீண்.

வருகிறவர்கள் சொல்லும் குறையும் எனக்குத் தெரியும்: ஊர் சின்னது, எல்லோருக்கும் எல்லாம் தெரியும். உண்மை. காலையில் மார்க்கெட்டில் நண்டு வாங்கினால் பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா, "நண்டு எப்படி?" என்று கேட்பார். வத்தளையில் மேல்மாடியில் இருப்பவரின் பெயர் தெரியாமல் பத்து வருடம் இருந்தவருக்கு இது மூச்சு முட்டும். ஆறு மாதத்தில் பழகிவிடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன்; சிலருக்குப் பழகுவதே இல்லை. நீங்களும் கணக்குக் கேட்கப் பழகினால் கொஞ்சம் இலேசாகும். இன்னொன்று, நீங்கள் கேட்கக் கூடாத கேள்வியும் உண்டு. சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்து எப்போது, எப்படி என்று கேட்க வேண்டாம். யுத்தமும் சுனாமியும் ஆள் எடுக்காத வீடு இங்கே குறைவு. அவர்களாகச் சொல்லும் நாள் வரும்.

வீடு எங்கே எடுப்பது என்பதற்கு முதலில் ஊரின் கிடையை விளங்கிக்கொள்ளுங்கள். சுமார் 56 கிலோமீற்றர் நீள வாவி தெற்கு வடக்காகக் கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் இடையில் உள்ளது எழுவான்கரை, மேற்கே வயலும் குளமுமாக இருப்பது படுவான்கரை. பட்டினத்தின் பழைய பகுதியான புளியந்தீவு வாவிக்கு நடுவிலுள்ள தீவு. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை, அலுவலகங்கள், 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல் கல்லூரி எல்லாம் அங்கேதான். வேலைக்கு நடந்தே போகலாம். ஆனால் வீடுகள் நெருக்கம், வாடகைக்குக் கிடைப்பது அரிது, வாகனம் விட இடமில்லை.

உங்களுக்கு நான் சொல்வது கல்லடி, நொச்சிமுனைப் பக்கம். பாலத்தைத் தாண்டினால் போதும். 1924இல் கட்டிய ஒற்றை வழிப் பழைய பாலம் மட்டும் இருந்த காலத்தில் இதைச் சொல்லியிருக்கமாட்டேன். 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு கவலையில்லை. சிவானந்தா பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது, கடற்காற்று வரும், சுவாமி விபுலானந்தர் பெயரிலுள்ள அழகியற் கற்கைகள் நிறுவகம் அங்கே இருப்பதால் பிள்ளைகளுக்குப் பாட்டு, நடனம் சொல்லிக்கொடுக்க ஆட்களும் கிடைப்பார்கள். ஆனால் பிரதான வீதிக்குக் கடல் பக்கமாக எடுக்க வேண்டாம். 2004 சுனாமியில் நாவலடியிலும் இங்குள்ள திருச்செந்தூரிலும் நடந்ததைப் பார்த்தவன் நான். வீதிக்கு வாவிப் பக்கம் பாருங்கள், அதிலும் வாவியை ஒட்டிய தாழ்வான துண்டுகளை விட்டுவிடுங்கள். ரயிலும் பஸ் நிலையமும் முக்கியமென்றால் அரசடி, மாமாங்கம் பக்கம் நல்லது. காத்தான்குடி தாண்டி ஆரையம்பதியில் பெரிய வளவோடு வீடு கிடைக்கும், ஆனால் பள்ளிக்கூட நேரத்தில் வீதி நெரியும். படுவான்கரை ஆசை வேண்டாம். 2014இல் மண்முனைப் பாலம் வந்தபிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போய்வருவது சுலபம்தான். முந்தி 'பாதை' வரும்வரை துறையில் காத்துக் கிடக்க வேண்டும். வத்தளையில் பாதை என்றால் ரோட்டு, இங்கே அது வாகனத்தை ஏற்றி அக்கரைக்கு விடும் மிதவை. படுவான்கரைக்கு எருமைத் தயிர் வாங்கவும் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கும் போய்வாருங்கள், குடியிருக்க வேண்டாம்.

இனி வாடகை ஒப்பந்தம். என் கையைச் சுட்ட விஷயம், கவனமாகக் கேளுங்கள். 1981இல் நான் எடுத்த முதல் வீட்டுக்கு வீட்டுக்காரரே கையெழுத்து வைத்தார், முற்பணமும் வாங்கினார். ஏழாம் மாதம் அவருடைய மாமியார் வந்து, தன் இன்னொரு மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது, வீடு வேண்டும் என்றார். உறுதிப் பத்திரத்தைப் பார்த்தால் வீடு அந்த மகள் பெயரில், ஆயுள் உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) மாமியாருக்கு. கையெழுத்து வைத்த மனிதருக்கு அதில் ஒரு செங்கல்லும் சொந்தமில்லை. காணி உத்தியோகத்தர் ஏமாந்த கதை அலுவலகத்தில் ஒரு வருடம் ஓடியது. ஆகவே வீட்டைப் பேசிக் கொடுப்பவர் ஆணாக இருந்தால், உறுதி யார் பெயரில் என்று மரியாதையாகக் கேளுங்கள். இங்கே அதை யாரும் குறையாக எடுக்கமாட்டார்கள். அந்தப் பெண்ணும், ஆயுள் உரித்து வைத்திருப்பவர் இருந்தால் அவரும் கையெழுத்து வைக்கட்டும். அப்புறம் தேத்தண்ணி குடிக்கும் சாட்டில், வீட்டில் கலியாண வயதில் மகள் இருக்கிறாவா என்று விசாரியுங்கள். இருந்தால் உங்கள் மூன்று வருடம் மூன்று வருடமில்லை. வெளியேற மூன்று மாத அறிவித்தல் வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா தங்கை வீடுகள் பெரும்பாலும் ஒரே வளவில்தான் இருக்கும். கேற், கிணறு பொதுவா, மாமரத்துக் காய் யாருக்கு என்பதெல்லாம் முதல் நாளே பேசித் தீர்க்க வேண்டியவை. சிரிக்காதீர்கள், மாங்காயால் வந்த வழக்கையும் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர்: உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்நீர் இணைப்பு உள்ள வீடாகப் பாருங்கள், குடிக்க அதுதான். கிணறு குளிக்க, கழுவ. மணல் தரை, வீடுகள் நெருக்கம். பக்கத்து வளவின் மலக்குழி ஐம்பது அடிக்குள் இருந்தால் அந்தக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வாயில் வைக்க வேண்டாம். கோடையில் வாவியோரக் கிணறுகள் உவர்க்கும்.

கூரை ஓடா, சீட்டா என்பதையும் பாருங்கள். வைகாசி, ஆனியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது சீட் கூரைக்குக் கீழே பகலில் பிள்ளைகளால் இருக்க முடியாது. வீட்டின் வயது கேட்டால் வருடம் சொல்லமாட்டார்கள். சூறாவளிக்கு முந்தியது, சுனாமிக்குப் பிந்தியது என்பார்கள். சூறாவளி என்றால் 1978 நவம்பர். அதைத் தாங்கி நின்ற வீடு என்றால் சுவரை நம்பலாம், வயரிங்கை நம்ப வேண்டாம்.

பள்ளிக்கூடத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேவைத் தேவைக்காக இடமாற்றம் பெறும் அரச வங்கி ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முதலாம் வகுப்பு அனுமதியில் தனிப் பிரிவு உண்டு. மாற்றக் கடிதம் கைக்கு வந்ததும் விண்ணப்பத் திகதியைப் பாருங்கள். வீடு எடுத்தவுடன் கிராம சேவகரிடம் பதிவதையும் தள்ளிப்போட வேண்டாம்.

காணி வாங்கும் யோசனையை இரண்டு வருடம் பெட்டிக்குள் வையுங்கள். மலிவு என்று வெளியூர்காரருக்குக் காட்டும் துண்டு பல தடவை பெர்மிட் காணியாக இருக்கும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம் அது. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. நொத்தாரிசு முத்திரை குத்தி எழுதித் தந்தாலும் செல்லாது. தனியார் உறுதிக் காணி என்றாலும், காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குத் தேடிப் பார்க்க வேண்டும். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் கைமாறிய விதம் எல்லாவற்றையும் கோப்பு சொல்லாது. தாயிடமிருந்து மகள்களுக்குப் பிரிந்து வந்த காணியில் வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரியின் பங்கு இன்னும் எழுதப்படாமல் இருக்கலாம். நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கல்லை நின்று பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, வீடு பார்க்க எப்போது வருவது? எல்லோரும் ஓகஸ்டில் வருவார்கள். வானம் வெளித்திருக்கும், மணல் காய்ந்து சுத்தமாக இருக்கும், எல்லா வீடும் அழகு. உங்கள் கணவர் மார்கழி மழைக்குள் வரட்டும். மதிலில் பழைய தண்ணீர்க் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கட்டும், 2011 வெள்ளத்தில் முற்றத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டில் கேட்கட்டும். வீதியிலிருந்து வாசலுக்குப் போகச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டி வந்தால், வாடகை எவ்வளவு குறைத்தாலும் அந்த வீடு வேண்டாம்.