வாசகர் கேள்வி – பதில்: பலூன் வேண்டாம் என்கிற வயது

கேள்வி: என் மகள் தரம் 8 இல் படிக்கிறாள். வருகிற ஜூலையில் அவளுக்கு 13 வயது நிறைவடைகிறது. வருடந்தோறும் கேக் வெட்டி, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) உள்ளவர்களையும் உறவினர்களையும் அழைத்துச் சாப்பாடு கொடுத்து வந்தோம். இந்த முறை "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று ஒரே பிடிவாதமாக இருக்கிறாள். செய்யாமல் விட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று மாமியார் கேட்கிறார். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், கொட்டகலை

பதில்: மகள் "ஒன்றும் வேண்டாம்" என்று சொன்னாலும், "இப்படி வேண்டாம்" என்பதையே அவள் சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எல்லோரும் தன்னைச் சூழ்ந்து நின்று கைதட்டுவது பெருமை. 13 வயதில் அதே கைதட்டல் கூச்சம். அதிலும், அண்மையில் பூப்புச் சடங்கு நடந்த வீடாக இருந்தால், புடவை கட்டி, நாற்காலியில் இருத்தி, ஊரே வந்து பார்த்துவிட்டுப் போன நினைவு அவளுக்கு இன்னும் ஆறியிருக்காது. மறுபடியும் ஒரு நாற்காலியா என்று அவள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

உங்கள் மாமியார் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. மற்றவர்களின் பிள்ளைகளுக்கு நீங்கள் கவர் கொடுத்திருப்பீர்கள், அவர்களும் உங்களுக்குக் கொடுத்திருப்பார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரே நாளில் நிறுத்தினால் மனத்தாங்கல் வரும். ஆனால் அது பெரியவர்களின் கணக்கு, பிள்ளையின் பிறந்தநாளைக் கொண்டு அதைத் தீர்க்க வேண்டியதில்லை. அந்த வாரத்து வெள்ளிக்கிழமை கோயிலில் ஓர் அர்ச்சனை செய்து, மாலையில் நெருங்கியவர்களுக்கு மட்டும் வடையும் தேநீரும் கொடுத்து, ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடுங்கள். கேக் மேசை, மாலை, வீடியோ எதுவும் வேண்டாம். மாமியாருக்கும் மனம் நிறையும்.

பிறந்தநாளை மகளிடமே விட்டுவிடுங்கள். "என்ன வேண்டும்" என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வாள். "யார் யார் கூட இருந்தால் நல்லது" என்று கேட்டுப் பாருங்கள், மூன்று நான்கு பெயர்கள் உடனே வரும். கொட்டகலையில் இருக்கிற உங்களுக்கு மிக அருமையான கொண்டாட்டம் வாசலிலேயே கிடக்கிறது, அதுதான் பதுளைப் பக்கம் போகும் புகையிரதம். மூன்றாம் வகுப்புச் சீட்டு எடுத்தால் தலவாக்கலை வரும்போது சென் கிளயர் நீர்வீழ்ச்சி யன்னலிலேயே தெரியும். நானுஓயாவைத் தாண்டி அம்பேவளைப் புல்வெளிகள் வழியாக, இலங்கையிலேயே மிக உயரமான நிலையமான பட்டிப்பொலவை, அதாவது 1890 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தை, எட்டிவிடுவார்கள். ஜூலை என்பதால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று நம் பக்கத்துச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிடுவதால், பட்டிப்பொலவைக் கடந்து சுரங்கத்துக்குள் தூறலோடு நுழைகிற புகையிரதம் ஊவா மாகாணப் பக்கம் வெயிலில் வெளியே வருவது உண்டு. அதைப் பார்த்த பிள்ளைகள் போடுகிற கூச்சலை எந்த மண்டபத்திலும் நான் கேட்டதில்லை. சேவை நேரங்களையும் பாதையின் நிலையையும் முதல் நாளே நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும் வண்டியையும் சேர்த்து. பெரியவர் ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும். ஆனால் பிள்ளைகளின் இருக்கையில் இடித்துக்கொண்டு உட்காராமல், அதே பெட்டியில் நான்கு வரிசை தள்ளி இருந்தால் போதும். வாசற்படியில் தொங்கிப் படம் எடுப்பதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

பயணம் ஒத்துவராவிட்டால் அந்த நான்கு பேரையும் வீட்டுக்கு அழைத்து, சமையலை அவர்கள் கையிலேயே விட்டுவிடலாம். ரொட்டி கருகட்டும், சம்பலில் உப்புக் கூடட்டும், நீங்கள் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. (மறுநாள் காலையில் போனால் போதும்; அதற்கும் கொஞ்சம் மனத்துணிவு வேண்டும்.)

கேள்வி: சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த என் மகன், பிறந்தநாள் விருந்துக்குப் பதிலாக நண்பர்களோடு நீர்வீழ்ச்சியில் குளிக்கப் போக அனுமதி கேட்கிறான். அனுப்பலாமா?
– ஒரு தந்தை, பண்டாரவளை

பதில்: நண்பர்களோடு போகட்டும், குளிப்பதற்கு வேண்டாம். மேலே மலையில் பெய்கிற மழை கீழே வெயிலில் நிற்பவனுக்குத் தெரியாது, தண்ணீர் திடீரென ஏறிவிடும். வழுக்குப் பாறைகளைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். அந்த வயதுக்கு உடம்பு களைக்கிற ஏதோ ஒன்று தேவைதான். எனவே பணத்தைப் பங்கிட்டு ஒரு வேன் பிடித்து, விடியற்காலையில் ஓட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு அனுப்புங்கள். சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறி, 'உலக முடிவு' என்கிற மலை விளிம்பிலிருந்து தெரியும் காட்சியை மறைத்துவிடும், ஆகவே பிந்திப் போனால் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். பொலித்தீன் பொதிகளை வாசலிலேயே எடுத்துவிடுவார்கள் என்பதால் சோற்றை டப்பாவில் கட்டிக் கொடுங்கள். நிதானமான ஒரு சித்தப்பாவோ மாமாவோ துணைக்குப் போனால் நல்லது. செங்குத்தான விளிம்பில் செல்ஃபி எடுக்கக் கூடாது என்பதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: என் வகுப்பில் பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் டொபி கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. வசதியில்லாத பிள்ளைகள் அன்று பாடசாலைக்கே வருவதில்லை. நிறுத்திவிடலாமா?
– ஓர் ஆசிரியை, மஸ்கெலியா

பதில்: நிறுத்துங்கள், ஆனால் அறிவித்து நிறுத்த வேண்டாம், யாருக்காக நிறுத்தினீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும். புதிய தவணை தொடங்கும்போது, பிறந்தநாள் பிள்ளைதான் அன்றைய கடைசிப் பாடவேளை விளையாட்டைத் தெரிவு செய்ய வேண்டும் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். டொபி கொஞ்ச நாள் கூடவே வரும், பிறகு தானாக நின்றுவிடும்.