வெந்நீருக்கு எத்தனை டிகிரி?

கேள்வி: போன ஆவணியில் மொட்டைமாடியில் குளிக்கத் தண்ணீர் சூடாக்க 200 லிட்டர் ஹீட் பம்ப் வைத்தோம். மாட்டிக் கொடுத்தவர் 60 டிகிரியில் வைத்துவிட்டுப் போனார். கரண்ட் பில் கூடுகிறது என்று மகன் 45-க்கு இறக்கிவிட்டான். மார்கழி முழுக்க விடியுமுன் குளித்துக் கோயிலுக்குப் போகும் என் மாமியார், 'தண்ணி வெதுவெதுன்னுதான் வருது' என்கிறார்கள். வீட்டில் ஐந்து பேர். எதில் வைப்பது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: 50-ல் வையுங்கள் அம்மா. வாரம் ஒருமுறை மட்டும் 60-ஐத் தொட்டுவிட்டு இறங்கட்டும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் வீட்டில் வேறு யாரும் மாற்றமாட்டார்கள்.

ஐஸ் பிளான்ட்டிலும் குளிர்பதனக் கிடங்கிலும் கம்ப்ரசரோடு காலம் கழித்தவன் நான். உங்கள் மாடியில் இருப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. காற்றில் உள்ள சூட்டை எடுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. நம் ஊர்க் காற்றுக்கு, ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்தால் மூன்று யூனிட் சூடாவது தண்ணீருக்கு வந்து சேரும். ஆனால் எவ்வளவு உயரத்துக்குச் சூட்டை ஏற்றச் சொல்கிறீர்களோ அவ்வளவு பாடு. அதே ஒரு குடம் தண்ணீர்தான், ஆழக் கிணற்றில் இறைத்தால் கை வலிக்கிறதல்லவா, அப்படி. 60-ஐ நெருங்கும்போது பல மிஷின்களில் கம்ப்ரசர் திணறிப்போய், உள்ளே இருக்கும் கம்பி ஹீட்டரும் சேர்ந்து ஓட ஆரம்பிக்கும். அப்புறம் சாதாரண கீசருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஐந்து பேருக்கும் எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். ஆளுக்கு இரண்டு வாளி, 40 லிட்டர். மொத்தம் 200 லிட்டர். யாரும் 50 டிகிரித் தண்ணீரை அப்படியே ஊற்றிக்கொள்வதில்லை, விளாவித்தான் குளிக்கிறோம். 40 டிகிரி இருந்தால் உடம்புக்கு இதமான சூடு. தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்றால், 50-ல் வைத்த வெந்நீர் 110 லிட்டர் எடுத்து, மிச்சத்துக்குப் பச்சைத் தண்ணீர் விளாவினால் போதும். 60-ல் வைத்தால் 75 லிட்டர் போதும். இரண்டுக்குமே உங்கள் 200 லிட்டர் டேங்க் தாராளம். குளிக்கப் போகிற சூடு எப்படி வைத்தாலும் ஒன்றுதான், ஏறத்தாழ 2.8 யூனிட். கீசரில் அது முழுவதும் மின்சாரம்; ஹீட் பம்பில் ஒரு யூனிட் அளவில் முடிந்துவிடும். டிகிரியை ஏற்ற ஏற்ற அந்த லாபம்தான் கரைகிறது. ராத்திரி முழுக்க டேங்க் சும்மா இழக்கும் சூடும் கூடுகிறது.

அப்படியானால் 45 இன்னும் நல்லதுதானே என்று உங்கள் மகன் கேட்பார். அங்கேதான் நான் கண்டிப்பாக நிற்கிறேன். லெஜியோனெல்லா என்று ஒரு கிருமி இருக்கிறது. 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் ராணுவத்தினர் மாநாட்டுக்கு வந்தவர்களுக்குக் கடுமையான நிமோனியா வந்து பலர் இறந்தார்கள். அதை ஆராய்ந்தபோது பிடிபட்டது இது. 20 முதல் 45 டிகிரி வரை உள்ள தேங்கிய தண்ணீரில் பெருகும். 50-க்கு மேல் பெருகாது. 60-ல் சில நிமிடங்களில் பெரும்பாலும் செத்துவிடும். குடிப்பதால் பொதுவாக வராது. தண்ணீர்த் துளி பொடிப்பொடியாகக் காற்றில் கலந்து மூச்சோடு போனால்தான் ஆபத்து. வாளியில் மொண்டு குளிக்கும் வீட்டில் அந்தப் பயம் குறைவு, ஷவர் உள்ள வீட்டில் கூடுதல். வயதானவர்களையும் நெஞ்சுச் சளி, ஆஸ்துமா உள்ளவர்களையும்தான் இது அதிகம் தாக்கும். உங்கள் மாமியார் இருக்கும் வீட்டில் நாலு காசு மிச்சத்துக்காக 45-ல் டேங்க்கை நிறுத்துவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

வாரத்துக்கு ஒருமுறை 60-க்கு ஏற்றி அரைமணி நேரம் நிறுத்தும் வசதி பல மிஷின்களின் மெனுவிலேயே உண்டு. ஞாயிறு மத்தியானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று குழாயைத் திறப்பவர்களுக்குச் சொல்லி வையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் ஐந்து நொடியில் பெரியவர்கள் தோலையே வேகவைத்துவிடும்; குழந்தைத் தோலுக்கு அதைவிடச் சீக்கிரம். வெந்நீர்க் குழாயில், பச்சைத் தண்ணீரைத் தானே அளவாகக் கலந்துவிடும் ஒரு மிக்ஸிங் வால்வு போட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை. பிளம்பரிடம் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள்.

மாமியாரின் குறைக்கு வருகிறேன். அவர்கள் சொல்வது சரி. 45-ல் வைத்தால் எப்போதும் 45 இருக்காது. சூடு ஐந்து டிகிரி போல இறங்கிய பிறகுதான் மிஷின் மறுபடி ஓடத் தொடங்கும்; அந்த இடைவெளியையும் மெனுவில் மாற்றலாம். ஆக விடிகாலையில் டேங்க்கில் 41, 42 கூட இருந்திருக்கும். மாடியிலிருந்து கீழ் பாத்ரூம் வரை குழாயில் ராத்திரி நின்று ஆறிய தண்ணீரும் முதலில் வரும். அதை ஒரு வாளியில் பிடித்துத் துணி அலச வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்கு நுரை உறை போடுங்கள், செலவு கொஞ்சம்தான்.

நேரத்தையும் மாற்றுங்கள். மார்கழி விடியலில் காற்று 22, 23 டிகிரி. மத்தியானம் 30 வரும். டைமரை மதியம் 12 முதல் 3 வரை வைத்தால் அதே 50-க்குக் குறைந்த மின்சாரத்தில் ஏறிவிடும். நல்ல உறை போட்ட டேங்க் மறுநாள் காலைவரை தாங்கும். சாயங்காலமும் நாலைந்து பேர் குளிப்பதாக இருந்தால் ராத்திரி ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும், அப்போது அந்த ராத்திரி ஓட்டம் தேவையில்லை. வாரம் ஒருமுறை 60 என்பதை மட்டும் கோடையிலும் விடாதீர்கள்.

கேள்வி: எங்களுக்குப் போர் தண்ணீர், நல்ல உப்பு. ஒரு வருஷத்தில் சூடேற நேரமாகிறது. 65-க்கு ஏற்றினால் சரியாகுமா?
– வாசகர், ராதாபுரம்

பதில்: ஏற்றாதீர்கள். சூடு கூடக் கூட, தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வேகமாகப் படியும். படிந்த உப்பு சூட்டைத் தண்ணீருக்கு விடாது. நீங்கள் இன்னும் ஏற்றுவீர்கள், அது இன்னும் படியும். 50-க்கு இறக்கி, டேங்க்கின் அடியில் உள்ள குழாயைத் திறந்து கசடைக் கழுவிவிடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். உப்பு, டேங்க்கை அரிக்காமல் இந்தக் கம்பியை அரிக்கட்டும் என்று வைத்தது அது. தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டில் வருஷக்கணக்கில் தாங்கும், உங்கள் தண்ணீருக்குச் சீக்கிரம் தீர்ந்துபோகும். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். அன்றைக்கே, டேங்க்கில் அழுத்தம் கூடினால் திறந்துவிடும் பிரஷர் வால்வின் கைப்பிடியையும் தூக்கிப் பாருங்கள். உப்பு அடைத்த வால்வு ஆபத்து.

கேள்வி: மழை படாமல் இருக்க மிஷினை ஸ்டோர் ரூமுக்குள் வைத்திருக்கிறோம். 50-க்கு வைத்தும் ஏற வெகுநேரம் ஆகிறதே?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: மூடிய அறையில் மிஷின் தான் துப்பிய குளிர்காற்றையே திரும்ப இழுக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அல்லது குளிர்காற்று வெளியே போக ஒரு குழாய் வையுங்கள். மேலே ஒரு தகரக் கூரை போட முடிந்தால் வெளியிலேயே வைத்துவிடலாம், வெளியில் வைப்பதற்கென்றே செய்த மிஷினைச் சாரலும் மழையும் ஒன்றும் செய்யாது.