பழைய மரக்குதிரைக்குப் புது பெயின்ட் வேண்டாம்

கேள்வி: அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிறோம். ஒரு எஸ்டேட் சேலில் (இறந்தவர் வீட்டுச் சாமான்களை விற்கும் விற்பனை) மரத்தால் செய்த குதிரையும் பால் வண்டியும் வாங்கினேன். கைவேலை மாதிரிதான் தெரிகிறது. பெயின்ட் உரிகிறது. இது நிஜமாகவே பழசா? புதுசாக பெயின்ட் அடித்து மகனுக்கு விளையாடக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் பெயின்ட் டப்பாவை மூடி வையுங்கள். நாட்டுப்புறக் கலைப்பொருள் சேகரிப்பவர்கள் தேடுவதே அந்தப் பழைய பெயின்டைத்தான். மேலே புதுசு ஏறினால் பொம்மையின் மதிப்பில் பெரும்பங்கு போய்விடும். அதைவிட முக்கியம், அதில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் ஈய பெயின்டுக்குத் தடை வந்ததே 1978-ல்தான். உப்புத்தாள் போடாதீர்கள், மகன் கையிலும் கொடுக்காதீர்கள்.

சரி, வயதுக்கு வருவோம். வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். வீட்டில் செய்த பொம்மைகளுக்குப் பெரும்பாலும் சரக்குப் பெட்டிப் பலகைதான் மரம். அடியில் அந்தப் பெட்டியின் அச்செழுத்துகள் பாதியாவது மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். ஆணியின் தண்டு சதுரமாக இருந்தால் பெரும்பாலும் 1890-களுக்கு முந்தையது. உருண்டைக் கம்பி ஆணி பரவலானது அதற்குப் பிறகு. ஸ்டார் ஸ்க்ரூ தெரிந்தால், பொம்மையோ அதன் பழுதுவேலையோ 1930-களுக்குப் பிந்தையது.

எனக்கு அதிக நம்பிக்கை சக்கரத்தின் மேல்தான். ஒரே பலகையில் வெட்டிய சக்கரம் என்றால், மர இழை ஓடும் வாக்கில் ஒரு முறை, அதற்குக் குறுக்காக ஒரு முறை வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். மரம் காயக் காயக் குறுக்குவாட்டில்தான் சுருங்கும். அதனால் பழைய சக்கரம் முழு வட்டமாக இருக்காது, குறுக்கே கொஞ்சம் குறையும். அச்சு உரசும் துளையும் தேய்ந்து அகன்றிருக்க வேண்டும். பிள்ளைகள் பிடித்து இழுக்கும் குதிரையின் முதுகு மழுங்காமல், மூலைமுடுக்கில் மட்டும் பெயின்ட் போயிருந்தால் சந்தேகப்படுங்கள். அது வேண்டுமென்றே தேய்த்த வேலையாக இருக்கலாம்.

பக்கவாட்டில் எழுத்து இருக்கிறதா? ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாடக்கெட் நகரில் இயங்கிய பிளிஸ் போன்ற பொம்மைத் தொழிற்சாலைகள் அச்சிட்ட வண்ணத்தாளை மரத்தில் ஒட்டின. தூரிகையால் எழுதி, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் நெருக்கியிருந்தால் அது ஒரு மனிதரின் கை. அந்த நெருக்கல் எனக்கு மிகவும் பிடித்தது.

பராமரிப்புக்கு மென்மையான உலர்ந்த பிரஷ் போதும். தண்ணீர், எண்ணெய் எதுவும் வேண்டாம். குதிரைக்குத் தோல் வார் இருந்து, அதைத் தொட்டால் சிவப்புப் பொடி கையில் ஒட்டுகிறதென்றால், அதைத் தொடாமல் விடுங்கள். வெயில் படாத, மகனுக்கு எட்டாத கண்ணாடி அலமாரியில் வையுங்கள்.