பிரெஞ்சுக்காரர்களிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன?

பிடிவாதம்தான். படிப்புக்காக பிரான்சின் லியோன் நகரில் இரண்டு வருடம் இருந்தேன்.

போன முதல் வாரம், ரொட்டிக் கடையில் மனப்பாடம் செய்து வைத்திருந்த பிரெஞ்சில் "ஒரு பாகெத்" என்று நீள ரொட்டி ஒன்று கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மா நிதானமாக "போன்ழூர்" என்றார். காதில் விழவில்லை போலும் என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் "போன்ழூர்". அப்புறம்தான் உறைத்தது. அங்கே முதலில் வணக்கம், பிறகுதான் வியாபாரம். கூட்டத்துக்கு மேலே கையை நீட்டி "அண்ணே, ஒரு பாக்கெட் பால்" என்று பழகியவனுக்குக் கோபம்தான் வந்தது.

ஆனால் அந்த ரொட்டிக்குப் பின்னால் சட்டமே இருக்கிறது. 1993 ஆணைப்படி 'பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி' என்று விற்றால், எந்தக் கட்டத்திலும் அதை உறைய வைத்திருக்கக் கூடாது. 1998-லிருந்து, மாவு பிசைவதில் தொடங்கி சுடுவது வரை விற்கிற இடத்திலேயே செய்யாதவர் கடைக்கு 'பூலான்ழெரி' (ரொட்டிக் கடை) என்று பெயர்ப்பலகை மாட்ட முடியாது. வெளியிலிருந்து உறைந்த மாவை வாங்கிச் சூடு பண்ணி விற்கலாம், பெயரை மட்டும் தொடக்கூடாது!

புத்தகத்துக்கும் இதே கதை. கலாசார அமைச்சராக இருந்த ழாக் லாங் 1981-ல் கொண்டுவந்த சட்டப்படி, புதுப் புத்தகத்தின் விலையைப் பதிப்பாளர்தான் முடிவு செய்வார். கடைக்காரர் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தர முடியாது. பெரிய சங்கிலிக் கடையிலும் தெருமுனைக் கடையிலும் கிட்டத்தட்ட ஒரே விலை. 2023-லிருந்து, 35 யூரோவுக்குக் குறைவாக இணையத்தில் புத்தகம் வாங்கினால், வீட்டுக்கு அனுப்ப விற்பவர் குறைந்தது 3 யூரோ கட்டணம் வாங்கியாக வேண்டும். மாணவனாக இருந்தபோது தள்ளுபடி இல்லையே என்று புலம்பியிருக்கிறேன். ஆனாலும் என் தெருவில் இருந்த சின்னப் புத்தகக் கடைக்காரர், நான் தடுமாறிப் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டு எனக்கேற்ற புத்தகத்தை எடுத்துத் தருவார். அந்தக் கடை மூடாமல் இருக்க நானும் இரண்டு யூரோ கூடக் கொடுத்தேன் என்றால், சரி, இருக்கட்டும்.

எல்லாமே இனிப்பு இல்லை. ஒரே ஒரு நகல் குறைந்ததற்காக ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பிடிவாதத்தை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை. ஆகஸ்டில் அந்த ரொட்டிக் கடை அம்மா ஷட்டரில் "விடுமுறை" என்று ஒரு தாளை ஒட்டிவிட்டு மூன்று வாரம் போய்விட்டார். வியாபாரம் போகுமே என்ற பதற்றம் துளிகூட இல்லை. நான் சூப்பர் மார்க்கெட் பாக்கெட் ரொட்டியைத் தின்றுகொண்டு அவருக்காகக் காத்திருந்தேன்.