முன்பணத்துக்கு ஆடு மேய்க்கும் சிறுவன்: யாரிடம், எப்படிச் சொல்வது?

கேள்வி: அறுவடை முடிந்த எங்கள் வயலில் ராமநாதபுரத்துக் கீதாரி (ஊர் ஊராக ஆட்டு மந்தை ஓட்டிப் போகிறவர்) ஒருவர் கிடை போட்டிருக்கிறார், அதாவது எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை வயலில் அடைத்து வைக்கிறார். அவரோடு பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் இருக்கிறான். சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கமாம். அப்பா முன்பணம் வாங்கியிருக்கிறார், அது கழியும்வரை ஆட்டோடுதான் இருக்கணும் என்கிறான். புகார் கொடுத்தால் அவனை ஹோமில் போட்டுவிடுவார்களோ, பெற்றோர் மேல் கேஸ் வருமோ என்று தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது? (திருவாரூர் மாவட்ட வாசகர்)

பதில்: முதலில் ஒன்று, கீதாரியிடம் போய் நியாயம் கேட்காதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கிடை ஊர் மாறிவிடும். அல்லது பையனை மட்டும் வேறு கிடைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அவனைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கிடை பேசிவிட்டவர் நீங்கள் என்பதால் கீதாரியின் போன் நம்பர், இன்னும் எத்தனை ராத்திரி இருப்பார்கள், அடுத்து யார் வயல் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மீட்க வருபவர்களுக்கு வேண்டியதே இதுதான். பையன் சொன்ன ஊர், அப்பா பெயர், வந்து எத்தனை மாதம், கையில் ஏதாவது கூலி தருகிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் "ஒரு பையன் ஆடு மேய்க்கிறான்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அப்படிச் சொன்னால் அது வெறும் குழந்தைத் தொழிலாளர் கேஸாகப் பதிவாகும். பையனை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், கடன் அப்படியே இருக்கும். கொஞ்ச நாளில் அதே பையனோ அவன் தம்பியோ வேறொரு கிடையில் அறுத்த தாள் குத்தக் குத்த வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பான். "முன்பணம் கொடுத்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள், இது கொத்தடிமை" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

இதையே எழுத்திலும் வருவாய்க் கோட்டாட்சியருக்கு (ஆர்.டி.ஓ.) கொடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை மனு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், கிடை அதுவரை உங்கள் வயலில் இருக்காது. கோட்டாட்சியர் ஏன் முக்கியம் என்றால், விசாரித்து, கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான விடுதலைச் சான்றிதழ் தருவது அவர்தான். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டப்படி அந்த முன்பணக் கடனே செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவருடையது, பையனுடையது அல்ல. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். வழக்கு முடிவைப் பொறுத்துக் குழந்தைகளுக்கு 2 லட்சம் ரூபாயும் உண்டு. குடும்பம் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அதிகாரிகள் வந்தால், "எங்க அக்கா பையன் சார், லீவுக்கு வந்திருக்கான்" என்று கீதாரி சொல்லக்கூடும். 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு வழி விட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் அந்தத் திருத்தமே தப்பு. ஆனாலும் அது பள்ளி நேரம் போக, விடுமுறையில் செய்யும் உதவிக்கு மட்டும்தான். முன்பணத்துக்கு மாதக்கணக்கில் ஊர் ஊராகக் கூட்டிப்போவதற்கு அதில் இடமே கிடையாது. ஊர் ஊராக அலையும் கீதாரிகளின் பிழைப்பும் லேசானதல்ல, அது எனக்குத் தெரியும். அதற்காக ஒரு பிள்ளையை அடகு பிடிக்க முடியாது.

சரி, உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். மீட்ட 24 மணி நேரத்துக்குள் பையனைக் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும். சில நாள் இல்லத்தில் வைக்கலாம்தான். ஆனால் வீட்டில் பாதுகாப்பு உண்டு என்றால் பெற்றோரிடம் சேர்ப்பதே சிறார் நீதிச் சட்டத்தின் முதல் நோக்கம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும் முதல் முறை என்றால் பெற்றோருக்குத் தண்டனை கிடையாது. 2018-இல் கஜா புயல் அடித்துப்போட்ட பிறகு டெல்டாவில் இப்படி ஆட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் மீட்கப்பட்டார்கள். வீடும் பிழைப்பும் போன குடும்பங்கள் அவை. பணத்தாசையில் பிள்ளையை விற்றவர்கள் என்று அவர்களைப் பேசுவது எனக்கு ஒப்பாது.

பையனைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். அவன் அடையாளத்தை வெளியிடுவது குற்றம், கீதாரியை உஷார்ப்படுத்துவதும் அதுதான். அதிகாரிகள் அசையவில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100-இல் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

மீட்ட பிறகு, சான்றிதழ் கொடுத்தாயிற்றா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் விடாமல் கேளுங்கள். அதன் நகல் பையனின் அப்பா கையில் இருக்க வேண்டும். யாராவது முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்தால் அப்பா ஒரு ரூபாய்கூடக் கொடுக்கத் தேவையில்லை. ரத்தான அந்தக் கடனுக்குப் பணம் வாங்குபவருக்கு 3 ஆண்டு வரை சிறை என்று அதே 1976 சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது.